விபத்துக்குப் பின் மைதானமும் மலையும்: சேலத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

சாலை விபத்தில் கணவரை இழந்து, தானும் படுகாயமடைந்த ஒரு பெண்ணின் ஒன்றரை ஆண்டுக் காலத்தை இங்கே பதிவு செய்கிறேன். எழுதியதை அவரும் அவர் மகளும் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையை மாற்றவில்லை.

நான் மனநல ஆலோசகர். மனநல மருத்துவர் ஒருவர், இயன்முறை மருத்துவர் ஒருவர், ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர், நான் என நால்வர் இதில் சேர்ந்து வேலை செய்தோம். விளையாடினால் கவலை மறக்கும், மலை ஏறினால் மனம் திடப்படும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்தச் சூழலில், யார் கையில் முடிவை விட்டால் அது பலிக்கிறது என்பதை இந்த ஒரு குடும்பத்தின் வழியாகவே நான் தெளிவாகக் கண்டேன்.

பின்னணி

அவருக்கு முப்பது வயதுக்கு மேல். கணவர் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்தார். இவரும் வீட்டிலிருந்தபடியே கொலுசு வளையங்களைக் கோர்த்துக் கொடுத்துக் கூலி வாங்கிவந்தார். எட்டாம் வகுப்பில் மகள், மூன்றாம் வகுப்பில் மகன், கூடவே மாமியார். வாடகை வீடு.

தை மாதம், உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு இருவரும் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். புறவழிச்சாலையில் முந்திச் செல்ல முயன்ற லாரி உரசியது. கணவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். இவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. ஆனால் நினைவு தப்பவில்லை. 108 ஆம்புலன்ஸ் வரும்வரை சாலையோர மண்ணில் கிடந்தார். கைக்கு எட்டாத தூரத்தில், கணவரின் சட்டைப்பைக்குள் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டிலிருந்து மகள் அழைத்துக்கொண்டிருந்தாள்.

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதனால் பணத்துக்கு அலையாமல் அறுவைச் சிகிச்சை நடந்தது; எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். கணவரின் காரியங்கள் நடந்தபோது இவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். கடைசியாக முகம் பார்க்கவில்லை. கால் எப்படி இருக்கிறது என்று பலர் கேட்டார்கள். இரவில் தூக்கம் வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

எங்களிடம் வந்தபோது கண்டவை

ஆனி மாதத்தில், விபத்து நடந்து ஐந்து மாதம் ஆன நிலையில், இயன்முறை மருத்துவர்தான் அவரை அனுப்பினார். எலும்பு கூடியிருந்தது. ஆனால் தொடைத் தசை மெலிந்து, கால் ஊன்ற மறுத்தது. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சி எதையும் அவர் செய்யவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் எங்கே போகப்போகிறேன்?” என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு இது கால் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை என்று புரிந்துகொண்ட அந்த இயன்முறை மருத்துவருக்கு இந்தக் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

லாரியின் ஏர் ஹாரன் தெருமுனையில் கேட்டாலும் அவர் சுவரோடு ஒண்டிக்கொண்டார். கணவரின் கைபேசியில் இருந்த அழைப்பு மணி பிரபலமான ஒன்று. பக்கத்து வீட்டில், கடையில், பஸ்ஸில் எங்கே அது ஒலித்தாலும் உடல் விறைத்து, சில நிமிடங்கள் பேச்சு வராமல் போனது. மகள் வீட்டிலிருந்த எல்லாக் கைபேசிகளையும் ஒலியில்லாமல் வைத்துவிட்டாள். சாலையைக் கடக்க முடியவில்லை. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினாலே பயம் பிடித்துக்கொண்டது. “இந்த வழியாகவே போகலாம் என்று நான்தான் சொன்னேன்” என்ற நினைப்பு நாள் முழுதும் ஓடியது. மகளிடம் அவர் விபத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, மகளும் கேட்கவில்லை.

மனநல மருத்துவர் இதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்றும், கூடவே மனச்சோர்வு இருக்கிறது என்றும் கண்டறிந்தார். இந்தக் கோளாறின் தீவிரத்தை அளக்க 20 கேள்விகள் கொண்ட, 80 மதிப்பெண்ணுக்கான படிவம் ஒன்று உண்டு. 31 முதல் 33 வரை என்பது கவலைப்பட வேண்டிய எல்லை. இவர் அதற்கு வெகு மேலே இருந்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்டோம். பிள்ளைகளை நினைத்து அப்படி நினைக்கவில்லை என்றார். அந்தக் கேள்வியை ஒவ்வொரு சந்திப்பிலும் தவறாமல் கேட்டோம்.

மருந்து முதலில், மைதானம் பிறகு

மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின் மாத்திரை தொடங்கப்பட்டது. வாரம் ஒரு முறை பேச்சுச் சிகிச்சை. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்தக் கோளாறுக்குப் பரிந்துரைப்பவற்றில், அதிர்ச்சி நிகழ்வை மையமாக வைத்து எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும், கண்ணை அசைத்தபடி அந்த நினைவைக் கையாளப் பழக்கும் கண்ணசைவுச் சிகிச்சையும் உண்டு. முதலாவதையே நாங்கள் எடுத்துக்கொண்டோம். விளையாட்டை இதற்கு மாற்றாக ஒருபோதும் வைக்கவில்லை. ஓட்டமும் மலையேற்றமும் போதும், டாக்டர் வேண்டாம் என்று சொல்பவர்கள் பெருகிவரும் காலத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிகிச்சை ஓரளவு பிடித்த பிறகும் வீட்டை விட்டு அவர் வெளியே வரவில்லை. அப்போதுதான் பழைய வாழ்க்கையைப் பற்றிய பேச்சில், பள்ளியில் பூப்பந்து ஆடினேன் என்று சொன்னார். மாவட்ட அளவு வரை போயிருக்கிறார். திருமணத்துக்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை. கம்பளி நூலால் செய்த மஞ்சள் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், தரையில் படுமுன் அடித்தாக வேண்டும் என்று அவர் விளக்கிக்கொண்டே போனபோது கை தானாக மட்டை பிடிக்கும் நிலைக்கு வந்தது. “நான் நடுவில் நிற்பேன். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், எல்லாப் பந்தும் என்னைத் தாண்டித்தான் போகும்.” கணவர் இறந்த பிறகு தன்னைப் பற்றி அவர் பெருமையாகப் பேசியதை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

மைதானத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு மூன்று காரணங்கள் இருந்தன. கால் தசைக்கு வேலை வேண்டும். மூச்சு வாங்குவதும் நெஞ்சு படபடப்பதும் ஆபத்தின் அறிகுறி என்று அவர் உடல் பழகிவிட்டது. அதே மூச்சிரைப்பைப் பத்திரமான இடத்தில், தானே வரவழைத்து, தானே அடங்கவிட்டுப் பார்த்தால் அந்தப் பழக்கம் மெல்லத் தளரும். மூன்றாவது, எனக்கு முக்கியமாகப் பட்டது. விபத்து அவரிடம் எதையும் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை. அதன் பிறகும் எல்லா முடிவுகளையும் மற்றவர்களே எடுத்தார்கள். எப்போது தொடங்குவது, எவ்வளவு செய்வது, எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கும் ஓர் இடம் தேவைப்பட்டது. ஆகவே ஒரே ஒரு விதி வைத்தோம்: “போதும்” என்று அவர் சொன்னால் போதும். காரணம் கேட்கக் கூடாது, இன்னும் கொஞ்சம் என்று உற்சாகப்படுத்தக் கூடாது.

வீட்டின் எதிர்ப்பும் உறவினரின் உதாரணமும்

கணவர் இறந்து வருடம் திரும்புவதற்குள் விளையாடப் போவதா என்று தெருவில் பேசினார்கள். மாமியாரும் தயங்கினார். மகனைப் பறிகொடுத்த தாய் அவர். அவரை எதிர்த்தரப்பாக வைத்துப் பேசுவது நியாயமில்லை. கால் நேராக வேண்டுமானால் நடை வேண்டும் என்று மருத்துவரே எழுதிக் கொடுத்ததாகச் சொல்லிக் காகிதத்தைக் கையில் கொடுத்தோம். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கேட்கிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினார். சில நாட்களில் பேரனையும் அழைத்துக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் வந்து உட்காரத் தொடங்கினார்.

இன்னொரு தொந்தரவு நல்லெண்ணத்தில் வந்தது. உறவினர் ஒருவர், “நம் மாரியப்பனைப் பார், கால் நசுங்கியும் உயரம் தாண்டித் தங்கம் வாங்கவில்லையா?” என்று வருகிறபோதெல்லாம் சொன்னார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பஸ் மோதிக் கால் நசுங்கியவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், அடுத்து டோக்கியோவில் வெள்ளியும், 2024 பாரிஸில் வெண்கலமும் வென்றார். அவரை நினைத்தால் இந்த மாவட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிமிரும். ஆனால் இரவில் தூங்க முடியாத ஒருவரிடம் அந்தப் பெயரைச் சொல்லும்போது, நீ போதுமான அளவு முயலவில்லை என்றுதான் அது காதில் விழுகிறது. பாராலிம்பிக்கின் வேரே ஒரு மருத்துவமனையில் இருக்கிறது. 1948-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், மருத்துவர் லுட்விக் குட்மன் தண்டுவடம் அடிபட்ட பழைய படைவீரர்கள் 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். முதலில் சிகிச்சையாக வந்தது. பதக்கமெல்லாம் பின்னால் சேர்ந்தவை. உறவினரிடம் இதைப் பக்குவமாகச் சொன்னோம், அவரும் ஏற்றுக்கொண்டார். சிறுவன் மட்டும் மாரியப்பன் கதையை விடவில்லை. மைதானத்து மணலில் கோடு கிழித்துத் தாண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது சுமையாக இல்லை.

மைதானத்தில் நடந்தது

நகரின் நடுவே காந்தி விளையாட்டரங்கம் இருக்கிறது. காலையில் நடப்பவர்கள் கூட்டமும் வெளிச்சாலையின் ஹாரன் சத்தமும் அவருக்கு அப்போது தாங்காது என்பதால் கன்னங்குறிச்சிப் பக்கம், சாலையிலிருந்து தள்ளி இருந்த ஒரு பள்ளி மைதானத்தை அனுமதி வாங்கிப் பயன்படுத்தினோம். வடக்கே சேர்வராயன் மலை எதிரே நிற்கும் இடம் அது.

உடற்கல்வி ஆசிரியை அங்கே ஏற்கெனவே சில பெண்களைச் சேர்த்துக் காலையில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார். ஆவணியில் இவரும் போய்ச் சேர்ந்தார். முதல் வாரங்கள் சுற்றி நடப்பதோடு சரி. அடுத்துச் சுவரில் பந்தை அடித்துப் பழகினார். ஆள் எதிரே நின்று அடித்த முதல் பந்து வேகமாக வந்தபோது, மட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். மற்றப் பெண்கள் ஓடிவந்தார்கள். ஆசிரியை அவர்களைத் தடுத்து நிறுத்தி, இவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நாளைக்கு நான் சொல்லிவிட்டு அடிக்கிறேன் கண்ணு” என்றார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் “வருகிறது கண்ணு” என்று குரல் கொடுத்தே அடித்தார். சில வாரங்களுக்குப் பிறகு இவரே, “சொல்லாமல் அடியுங்கள் டீச்சர்” என்று கேட்டார். இந்தச் சிறு ஏற்பாடு எந்தப் பாடநூலிலிருந்தும் வந்ததில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயந்த பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒருவரின் கைப்பழக்கம் அது.

கார்த்திகைக்குள் கால் நன்றாக ஊன்றியது. ஐந்து பேர் ஆட்டத்தில் பின்வரிசையில், அதிகம் ஓட வேண்டாத இடத்தில் நின்றார். நடு இடத்தை அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தூக்கம் கூடியது. கொலுசு வேலையைக் கொஞ்சமாக மீண்டும் எடுத்தார். ஆனால் ஹாரனும் அழைப்பு மணியும் அப்படியேதான் இருந்தன.

மலையை நோக்கி

அடுத்த படிக்கு மலையைச் சொன்னவர் அவர்தான். மைதானத்திலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்த மலை. நாங்கள் யோசித்தோம். ஏற்காட்டுக்குப் போக வேண்டுமானால் பஸ் ஏறியாக வேண்டும். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வண்டிகள் போகும். அவர் எதைத் தவிர்த்துவந்தாரோ அது முழுவதும் அந்த வழியில் இருந்தது. அதனாலேயே அது நல்ல வழி, அதனாலேயே அவசரப்படக் கூடாத வழியும்கூட.

இடையில் சீலநாயக்கன்பட்டி ஊத்துமலைக்குப் போய்வந்தார்கள். முருகன் கோயில் உள்ள சிறு மலை. மேலே நின்றால் நெடுஞ்சாலை கீழே தெரியும், லாரிச் சத்தம் தூரத்தில் கேட்கும். கேட்கும், ஆனால் நெருங்காது. அந்தத் தூரத்தில் நின்று பயம் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவர் வேலையாக இருந்தது.

இங்கே மாமியார் எங்களுக்குக் கற்றுத் தந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கைம்பெண் ஊர் சுற்றப் போகிறாள் என்றால் கேள்வி வரும், சாமி மலைக்குப் போகிறாள் என்றால் வராது என்றார். எடப்பாடியிலிருந்து பழனி வரை காவடியோடு பல நாள் நடக்கிறவர்கள் இருக்கும் மாவட்டம் இது. உடலை வருத்தி நெடுந்தூரம் போய்த் திரும்புவது நம் வீடுகளுக்குப் புதிதில்லை. சேர்வராயன் மலை உச்சியில் குகைக் கோயில் இருப்பதால் வீட்டில் தடை எழவில்லை.

மார்கழியில் முதல் முயற்சி. பஸ் கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வந்தது. வளைவுகள் தொடங்கும் இடம். அவர் ஆசிரியையின் கையைப் பிடித்து, “போதும் டீச்சர்” என்றார். இறங்கிவிட்டார்கள். அடிவாரத்துக் கடையில் டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். உடன் வந்த ஒரு பெண்ணுக்கு வருத்தம். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவதா என்றார். இவரோ அந்த வாரச் சந்திப்பில், விபத்துக்குப் பிறகு தான் சொன்ன ஒரு சொல்லுக்கு ஒரு பஸ்ஸே நின்றதாகச் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் தோல்வியின் சாயல் சிறிதும் இல்லை. இந்த நிகழ்வு முழுவதிலும் எது திருப்பம் என்று என்னைக் கேட்டால் அந்த அடிவாரத்தைத்தான் காட்டுவேன்.

முதலாண்டுத் திதி

தையில் திதி வந்தது. அதற்கு முந்தைய வாரங்களிலேயே கெட்ட கனவுகள் திரும்பின. மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். மருத்துவர் மாத்திரை அளவைச் சரிபார்த்தார். சந்திப்புகளை நெருக்கமாக வைத்துக்கொண்டோம். மலைப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். மைதானத்துப் பெண்கள் கைபேசியில் அழைக்காமல், ஆளுக்கொரு நாளாக வீட்டுக்குப் போய் வளையம் கோர்ப்பதில் உதவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திதி முடிந்து சில வாரங்களில் தானாகவே மைதானத்துக்கு வந்தார். இடைவெளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வளைவுகளில் கேட்ட ஹாரன்

மாசியில் மறுபடி பஸ் ஏறினார்கள். இம்முறை ஓட்டுநரைப் பார்க்க முடிகிற இருக்கையை அவரே தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். மேலிருந்து வந்த வண்டி பதிலுக்கு அடித்துவிட்டு ஒதுங்கி நின்றது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை முறை. முதல் சில வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், பிறகு திறந்து பார்த்துக்கொண்டே வந்தாராம். மேலே இறங்கியதும் ஆசிரியையிடம் சொன்னது இதுதான்: “நீங்கள் பந்து அடிக்கும்போது சொல்வீர்களே, அதைத்தான் இவர்களும் சொல்கிறார்கள்.”

அந்த ஒப்பீட்டை நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அறைக்குள் எத்தனை முறை பேசியும் ஹாரன் சத்தத்துக்கு வேறு பொருள் அவர் உடலுக்குள் இறங்கியதில்லை. மலைப்பாதையில் அது இறங்கியது.

பங்குனியில் காப்பித் தோட்டங்களுக்குள் நடக்கத் தொடங்கினார்கள். மலையாளி எனப்படும் இந்த மலைவாழ் பழங்குடியினரின் ஊரைச் சேர்ந்த ஒருவர் வழிகாட்டினார். தனியார் தோட்டம் என்றால் உரிமையாளரிடம் அனுமதி, காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறிகள் மாண்டதற்குப் பிறகு இதில் சமரசத்துக்கு இடமில்லை. 2024-இல் தமிழக அரசு 40 வழித்தடங்களோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போக வசதி இருக்கிறது. ஆனால் குழுவாகப் போகும் ஏற்பாட்டில் நினைத்த இடத்தில் திரும்பிவிடுவது எளிதில்லை என்பதால் நாங்கள் எங்கள் சிறு பாதைகளோடு நின்றுகொண்டோம்.

முதல் மழைக்குக் காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. ஒரு ஏற்றத்தில் அவர் நின்றுவிட்டார், மூச்சு இரைத்தது. ஆசிரியை மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணினார். “அன்றைக்கும் இப்படித்தான் அடித்தது” என்றார் இவர். ஆசிரியை பதில் சொல்லாமல் எண்ணிக்கொண்டிருந்தார். துடிப்பு மெல்லக் குறைந்தது. “இன்றைக்கு ஏறியதால் அடிக்கிறது” என்று அவரே சொல்லிவிட்டு நடந்தார். இறக்கத்தில்தான் கம்பி வைத்த கால் வலித்தது. மூங்கில் கழி ஒன்றை வழிகாட்டி வெட்டிக் கொடுத்தார்.

மகள் சொன்னது

சித்திரை விடுமுறையில் மகளும் வந்தாள். ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் கோயிலுக்கு நடந்து போவது என்று திட்டம். கோயில் இருப்பது ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்தில். ஏற்காடே ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருப்பதால் ஏற்றம் கடுமையானதில்லை. மே மாதக் கோடைவிழாக் கூட்டத்துக்கு முன்பே போய்விட்டோம். நானும் அன்று உடன் சென்றிருந்தேன்.

தாயும் மகளும் முன்னால் நடந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லாத நடை. பாதி வழியில் மகள் நின்றாள். “அம்மா, நான் போன் பண்ணியதால்தானே அப்பா அதை எடுக்கப் பார்த்தார்? அதனால்தானே வண்டி ஆடியது?” என்றாள்.

ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தப் பிள்ளை இதைச் சுமந்திருக்கிறாள். வீட்டுக் கைபேசிகளை அவள் ஒலியில்லாமல் வைத்தது அம்மாவுக்காக மட்டும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தாய் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். மகளையும் உட்கார வைத்தார். எங்கள் அறையில் கூட விட்டுவிட்டுத்தான் சொல்லியிருந்த அந்த நேரத்தை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னார். லாரி உரசியது, விழுந்தது, அப்பாவைக் கூப்பிட்டது, அவர் அசையாதது. “அதற்குப் பிறகுதான் போன் அடித்தது. நான் மண்ணில் கிடந்தேன். நீதான் கூப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. எட்டி எடுக்க முடியவில்லை. அப்பா போனபிறகுதான், சாமி, அந்தப் போன் அடித்தது.”

எந்த மணியோசைக்கு அவர் அஞ்சி ஒளிந்தாரோ, அது எப்போது அடித்தது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மகளின் பழியைத் துடைக்க அந்த நினைவுக்குள் அவர் போயே ஆக வேண்டியிருந்தது, போனார். இருவரும் அழுதார்கள். நாங்கள் தள்ளி நின்றோம். பிறகு கோயில்வரை நடந்தார்கள். மகள் குகைக்குள் போய்க் கும்பிட்டாள். தாய் உள்ளே போகவில்லை. சாமியிடம் இன்னும் கோபம் இருக்கிறது என்றார்.

அதன் பிறகான நிலை

அடுத்த சந்திப்புகளில் அந்த அழைப்பு மணியை முதலில் மிக மெதுவாகவும் பிறகு முழு ஒலியிலும் கேட்கும் பயிற்சியை அவரே கேட்டு வாங்கினார். மகளைத் தனியாக ஒரு குழந்தைநல ஆலோசகர் பார்த்தார். ஆடி மாத வாக்கில் 20 கேள்விப் படிவத்தில் தாயின் மதிப்பெண் எல்லைக்குக் கீழே வந்திருந்தது. மாத்திரை தொடர்கிறது.

அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி என்பதை ரிச்சர்ட் டெடஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1996-இல் அளவுகோலாக வகுத்தபோது ஐந்து திசைகளைச் சொன்னார்கள்: பிறரோடு நெருக்கம், புதிய வழிகள், தன் வலிமையை உணர்தல், வாழ்வின் அருமை, ஆன்மிக மாற்றம். அந்த வளர்ச்சி துயரத்தால் வருவதில்லை, துயரத்தோடு மல்லுக்கட்டுவதில் வருகிறது என்பதும், வளர்ந்தவருக்கும் வலி இருக்கும் என்பதும் அவர்கள் கருத்து. இவரிடம் முதலாவதும் மூன்றாவதும் கண்கூடாகத் தெரிகின்றன. ஐந்தாவது இல்லை, இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இழப்பீட்டு வழக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் நடக்கிறது. சாட்சிக் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையிலும் தடுமாறாமல் நடந்ததைச் சொன்னார். தெரியாத ஒருவர் அதே சம்பவத்தைத் துருவிக் கேட்கும்போது பதில் சொல்வதென்பது எந்த மலையைவிடவும் செங்குத்தானது. பஸ்ஸில் தனியாகப் போய்வருகிறார். இருசக்கர வாகனத்தில் இன்றுவரை ஏறவில்லை. ஏறவும் விருப்பமில்லை என்கிறார். சில இரவுகளில் தூக்கம் கலைகிறது. பூப்பந்தில் நடு இடத்துக்குத் திரும்பிவிட்டார்.

எங்கள் நடைமுறையில் மாற்றுபவை

இனி இதுபோன்ற குடும்பம் வந்தால் பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே தனியாகச் சந்திப்போம். நேரில் பார்க்காத பிள்ளை தனக்குள்ளே ஒரு விபத்தைக் கட்டி வைத்திருக்கும். அதில் குற்றவாளி பெரும்பாலும் அந்தப் பிள்ளையாகவே இருக்கும். அழைப்பு வந்த நேரம் போன்ற விவரங்களைப் பெரியவர்கள் மறைக்காமல் சொல்ல வழி செய்வோம்.

முதலாண்டுத் திதிக்கு முன்னும் பின்னும் புதிய இலக்கு எதையும் வைக்காமல், வீட்டுச் சந்திப்புகளை முன்கூட்டியே ஏற்பாடு செய்வோம். எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து எழுதிக் கொடுத்த பிறகே ஏற்றம். இறக்கத்துக்கென்று தனிப் பயிற்சி. உடன் வருகிறவர்களுக்கு, பாதியில் திரும்பும்போது முகம் சுளிக்காமல் இருக்க முன்பே சொல்லி வைப்போம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்களையும், குடியில் இருப்பவர்களையும், சிகிச்சை தொடங்காதவர்களையும் மலைக்கு அழைத்துப் போவதில்லை என்ற முடிவில் மாற்றம் இல்லை. அப்படிப்பட்டவர்களின் வீட்டாருக்கு மனநல மருத்துவரின் முகவரியையும், 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணையும் முதல் நாளே எழுதிக் கொடுக்கிறோம்.